பழைய வண்ணத்தின் மேல் புதிய சித்திரம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

சாலையோரத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால், நம்மைக் கடந்து செல்லும் வாகனங்களில் எத்தனை எத்தனை சித்திரங்கள்! லாரியின் நெற்றியில் மயில். அதன் பக்கப் பலகையில் தாமரை. வேனின் இடுப்பில் அலையலையாய் ஓடும் மூன்று நிறக் கோடுகள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் தீச்சுடர். ஆட்டோவின் முதுகில் உரிமையாளரின் குழந்தைகள் பெயர். இவற்றுள் பல, வாகனம் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்தவை அல்ல. ஏற்கெனவே பூசியிருந்த வண்ணத்தின் மேல், பின்னாளில் ஓர் ஓவியர் தீட்டியவை.

இவற்றைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஓர் ஐயம் எழும். ஒரு வண்டியின் மயில் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் தோகை குலையாமல் நிற்கிறது. மற்றொரு வண்டியின் மயிலோ ஒரே மழைக்காலத்தில் தோல் உரிந்து, வாலை இழந்து, பரிதாபமாகக் காட்சி தருகிறது. இரண்டுக்கும் ஒரே கடையில் வாங்கிய பெயிண்டாக இருக்கலாம்; வரைந்தவர் இருவரும் சமமான கைத்திறன் உடையவர்களாகவும் இருக்கலாம். பின் ஏன் இந்த வேற்றுமை? சித்திரம் தீட்டத் தொடங்குவதற்கு முன் நடந்த வேலையில்தான் இதற்கு விடை இருக்கிறது. அந்த வேலையைப் பற்றி அறிந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்ணத்தின் அடுக்குகள்

காரின் கதவைத் தடவிப் பார்த்தால் ஒரே வழவழப்பான பரப்பாகத் தோன்றும். ஆனால் நம் விரல் தொடுவது பல அடுக்குகளின் கடைசி அடுக்கை மட்டுமே. தொழிற்சாலையில், முதலில் இரும்புத் தகட்டைப் பாஸ்பேட் கரைசலால் பக்குவப்படுத்துகின்றனர். பிறகு வண்டியின் உடலைத் தொட்டியில் முழுக்கி, மின்சாரத்தின் உதவியால் துருத் தடுப்புப் பூச்சை ஏற்றுகின்றனர். அதன் மேல் பிரைமர்; அதன் மேல் நிறம்; எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு. இக்கடைசிப் பூச்சைப் பட்டறைகளில் ‘கிளியர்’ என்பர்.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். ஒரு மில்லிமீட்டருக்கு 1,000 மைக்ரான் என்பதை நாம் படித்திருக்கிறோம். அப்படியானால், நம் நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்த கனம்தான் காரின் வண்ணம் முழுவதும்! இந்த மெல்லிய ஆடையைக் கிழிக்காமல், அதன் மேலேயே இன்னோர் ஆடையை நெய்வது எவ்வளவு கவனமான வேலை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பற்று எப்படி உண்டாகிறது?

ஒரு பூச்சின் மேல் மற்றொரு பூச்சு இரண்டு வழிகளில் பற்றிக் கொள்ளும். கீழ்ப்பூச்சு இன்னும் முழுமையாகக் கெட்டிப்படாத நிலையில் மேற்பூச்சைக் கொடுத்தால், மேற்பூச்சிலுள்ள கரைப்பான் கீழ்ப்பூச்சைச் சிறிது இளக்குகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பிணைகின்றன. இது முதல் வழி.

ஆண்டுக்கணக்கில் வெயில் கண்ட பழைய வண்ணத்தில் இது நடவாது. அது நன்றாக இறுகிப்போயிருக்கும். அங்கே புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளப் பள்ளம் மேடுகள் வேண்டும். பழைய சுவரில் புதிதாகச் சிமெண்டு பூச வரும் கொத்தனார் என்ன செய்கிறார்? முதலில் சுவரை உளியால் கொத்திவிடுகிறார். அப்போதுதான் புதுப்பூச்சு நிற்கும். பெயிண்டர் உப்புத்தாளால் பழைய வண்ணத்தைத் தேய்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான். அவர் இடும் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை என்பது மட்டுமே வேறுபாடு.

ஒரு பட்டறை தந்த கருவிகள்

இத்தொழிலில் இன்றும் உலகெங்கும் பயன்படும் இரண்டு எளிய பொருள்களின் வரலாற்றை இங்கே கூறுவது பொருந்தும். ஒன்று, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். மற்றொன்று, வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்கும் ஒட்டுத்தாளாகிய மாஸ்கிங் டேப்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்னும் நகரம் உண்டு. அங்கே த்ரீ எம் என்ற உப்புத்தாள் நிறுவனம் 1921ஆம் ஆண்டில் நீரில் ஊறாத உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன் வண்ணத்தை உலர்ந்த நிலையிலேயே தேய்த்தனர். அப்போது எழுந்த தூசு தொழிலாளரின் நுரையீரலுக்குள் சென்றது. தண்ணீர் விட்டுத் தேய்க்கவே தூசு பெரிதும் அடங்கிற்று.

அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்னும் இளைஞர் பணி செய்து வந்தார். புது உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்க அவர் கார் பட்டறைகளுக்குச் செல்வது வழக்கம். அக்காலத்தில் ஒரே காரில் இரு நிறம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு நிறம் பூசி முடித்து, அதைத் தாளால் மறைத்து ஒட்டி, மறு நிறத்தைப் பூசுவார்கள். தாளைப் பிரிக்கும்போது பசை கடுமையாகப் பற்றிக்கொண்டு, முதல் நிறத்தையும் சேர்த்தே உரித்து வந்துவிடும். பட்டபாடு வீணாகும். பெயிண்டர்கள் ஆத்திரத்தோடு திட்டுவதைக் கேட்ட ட்ரூ, இதற்கு ஒரு வழி காண்பதாக வாக்களித்தார். பல எண்ணெய்களையும் பிசின்களையும் சோதித்தபின், தச்சர் பயன்படுத்தும் பசையோடு கிளிசரினைக் கலந்து, சுருக்கங்கள் உடைய காகிதத்தில் பூசிப் பார்த்தார். 1925ஆம் ஆண்டில் மாஸ்கிங் டேப் பிறந்தது. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்து, விட வேண்டிய நேரத்தில் விடுவது அதன் சிறப்பு.

வேலை முறை

இனி, பழைய வண்ணத்தின் மேல் சித்திரம் தீட்டும் முறையை வரிசையாகக் காண்போம்.

1. சோதித்தல்: பழைய வண்ணம் தகட்டை உறுதியாகப் பற்றியிருக்கிறதா என்று முதலில் அறிய வேண்டும். மறைவான ஓரிடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சிறு கட்டங்கள் கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம். கட்டங்கள் பெயர்ந்து டேப்போடு வந்தால், அந்த வண்ணத்தின் மேல் எதைத் தீட்டினாலும் நிலைக்காது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும். மற்றொரு சோதனை, தின்னர் தோய்த்த துணியால் மறைவிடத்தில் தேய்ப்பது. வண்ணம் கரைந்து துணியில் ஏறினால், அது தின்னருக்கு இளகும் வகை. அதன் மேல் கடுமையான தின்னர் கலந்த பூச்சைக் கொடுத்தால் அடிவண்ணம் சுருங்கிப் பொங்கிவிடும்.

2. கழுவுதல்: சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தியபின், மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். இதற்கு இரண்டு துணிகள் தேவை. ஒன்றால் ஈரமாகத் துடைத்து, அது காயும் முன்னரே மற்றொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்வது முக்கியம். முதலில் தேய்த்துவிட்டால், பழைய பாலிஷ் மெழுகு உப்புத்தாளின் கீறல்களுக்குள் புகுந்து உட்கார்ந்து கொள்ளும். பாலிஷிலுள்ள சிலிகோன் சிறிது எஞ்சியிருந்தாலும், புது வண்ணம் அவ்விடத்தை விட்டு விலகிச் சிறு வட்டக் குழிகளாக நிற்கும்.

3. தேய்த்தல்: 600 அல்லது 800 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சித்திரம் வரும் இடம் முழுவதும் பளபளப்பு மங்கும் வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் மணல் நுண்மையாகும் என்பதை நினைவில் கொள்க. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியதாக இருப்பதால், அங்கே கை மென்மையாகப் போக வேண்டும். அடித்தகடு தெரிந்துவிட்டால், அவ்விடத்துக்கு மீண்டும் பிரைமர் கொடுத்த பிறகே மேலே செல்ல வேண்டும். தேய்த்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நல்லது. நீர் ஒரே படலமாகப் பரவினால் பரப்பு சுத்தம். தாமரை இலை நீர்போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

4. படத்தை மாற்றுதல்: தையல் வகுப்பில் பூவேலைக்குப் படம் எடுக்கும் முறையை நாம் அறிவோம். டிரேசிங் தாளில் படத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணியின் மேல் வைத்து, நீலப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்போம். வாகன ஓவியரும் அவ்வாறே ஊசித் துளையிட்ட தாளைப் பயன்படுத்துகிறார். ஆனால் மண்ணெண்ணெய் மட்டும் கூடாது; அது எண்ணெய்ப் பசையாகி முன் செய்த வேலையைக் கெடுத்துவிடும். சிறு துணி முடிச்சில் கட்டிய சாக்குக்கட்டித் தூளை, தாளின் மேல் தட்டினால் போதும். புள்ளிப் புள்ளியாகப் படம் தகட்டில் இறங்கும்.

5. மறைத்தல்: ஸ்ப்ரே கன்னால் அடிப்பதானால், சித்திரத்தின் விளிம்பை மெல்லிய டேப்பால் கட்டி, அதற்கு வெளியே அகலமான டேப்பும் தாளும் ஒட்ட வேண்டும். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திவிடாவிட்டால் வண்ணம் அடியில் கசியும். செய்தித்தாளை ஒற்றையாக ஒட்டுவது நல்லதன்று. தின்னர் பட்டால் அச்சு மை கீழே இறங்கக்கூடும்.

6. வண்ணம் தீட்டுதல்: கன்னை 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, கை நிற்காமல், ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சில் பாதியை மூடுமாறு அடிக்க வேண்டும். ஒரே கனமான பூச்சாக அடித்தால் ஒழுகும். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 அல்லது 15 நிமிடம் விட்டு அடிப்பதே முறை. தூரிகையால் தீட்டுவோர் அணில் ரோமத் தூரிகையை எடுத்து, சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றி, நீண்ட கோட்டை ஒரே மூச்சில் இழுப்பர். எனாமல் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக உலர்வது. அவசரப்பட்டு அதன் மேல் கிளியர் அடித்தால் சுருங்கிப்போகும்.

7. டேப்பை எடுத்தலும் மேற்பூச்சும்: வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவு உலர்ந்து, முழுவதும் கெட்டிப்படும் முன்பே டேப்பை எடுக்க வேண்டும். மேல்நோக்கி இழுக்காமல், டேப்பைப் பின்னுக்கு மடித்து, அதன் மேலேயே படியுமாறு மெல்ல இழுத்தால் விளிம்பு கத்தி வெட்டினாற்போல் வரும். இறுதியில் சித்திரத்தையும் சுற்றியுள்ள பழைய வண்ணத்தையும் சேர்த்து மூடுமாறு கிளியர் கொடுக்கிறார்கள். அது உலர்ந்தபின் நுண்ணிய தாளால் தேய்த்து மீண்டும் ஒருமுறை கிளியர் கொடுத்தால், விரலால் தடவினாலும் சித்திரத்தின் ஓரம் தட்டுப்படாது.

மேலே கூறிய ஏழு படிகளில், பார்ப்போர் புகழ்வது ஆறாவது படியை மட்டுமே. ஆனால் அந்தப் படி நிலைத்து நிற்பது முதல் மூன்று படிகளால்.

சுவரிலிருந்து காருக்கு

வாகனத்தில் சித்திரம் தீட்டுவது ஆண்களின் வேலை என்றே பலர் எண்ணுகின்றனர். பி.எம்.டபிள்யூ என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் கார்களில் புகழ்பெற்ற ஓவியர்கள் தீட்டும் வழக்கம் 1975ஆம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் வண்ணங்களை அணிந்த கார் அவ்வாண்டு பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஓடியது. அவ்வரிசையில் இடம்பெற்ற முதல் பெண்மணி, தென்னாப்பிரிக்காவின் நெடபெலே இனத்தைச் சேர்ந்த எஸ்தர் மலாங்கு. 1991ஆம் ஆண்டில் ஒரு காரின் உடல் முழுவதையும் அவர் தம் இனத்தின் வடிவங்களால் நிரப்பினார்.

1935ஆம் ஆண்டில் பிறந்த அவர், பத்து வயதில் தாயிடமும் பாட்டியிடமும் இக்கலையைக் கற்றார். கோழியிறகைத் தூரிகையாகக் கொண்டு, அளவுகோல் வைக்காமல் நேர்கோடு இழுப்பது அவருடைய வழக்கம். நெடபெலே பெண்கள் வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டுமுன் சாணத்தால் சுவரை மெழுகிப் பக்குவம் செய்வது மரபு. நம் வாசலிலும் சாணம் தெளித்துப் பெருக்கிய பிறகுதானே கோலப்பொடியைத் தொடுகிறோம்! மண் சுவரோ, வாசலோ, இரும்புத் தகடோ, முதலில் தளத்தைப் பக்குவப்படுத்த வேண்டும் என்ற அறிவு எல்லா நாட்டுப் பெண்களுக்கும் பழக்கமானதே.

மூச்சுக்கு வரும் கேடு

இக்கலையின் அழகைக் கூறி, அதன் ஆபத்தைக் கூறாமல் விடுவது நியாயமாகாது. இன்று பரவலாகப் பயன்படும் உறுதியான கிளியர் இரண்டு டப்பாக்களில் வருகிறது. இரண்டாவது டப்பாவிலுள்ள ஹார்ட்னரைக் கலந்தால்தான் அது இறுகும். இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. கன்னிலிருந்து பனித்துளிபோல் கிளம்பும் அப்பூச்சைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா வரலாம். உடல் ஒருமுறை அதனை ஏற்க மறுத்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சுத் திணறலை உண்டாக்கும். அதன் வாடையைக் கொண்டு ஆபத்தை முன்கூட்டி அறியவும் இயலாது.

பல பட்டறைகளில் பெயிண்டர்கள் முகத்தில் ஒரு கைக்குட்டையை மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் காண்கிறோம். கைக்குட்டை இதனைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமும், கையுறையும், காற்றை வெளியேற்றும் விசிறி உள்ள அறையுமே உண்மையான பாதுகாப்பு. தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் நெருப்பும் இருக்கக்கூடாது.

பழைய வண்ணத்தைத் தேய்ப்பதிலும் கேடு உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களில் நீண்ட காலமாகக் காரீயக் குரோமேட் சேர்க்கப்பட்டு வந்தது. வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாகன வண்ணங்கள் அவ்விதிக்குள் வருவன அல்ல. உலர்ந்த தூசியாக எழும் காரீயம் பெயிண்டரின் சட்டையில் படிந்து வீட்டுக்கு வருகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், வேலை உடையை மாற்றிக் கை கால் கழுவிய பின் வீட்டுக்குள் நுழைவதும் சிறு செயல்கள்தாம். ஆனால் ஒரு குடும்பத்தையே காப்பவை.

ஸ்டிக்கரும் சட்டமும்

இப்போது கணினியில் வரைந்து, வினைல் தாளில் அச்சிட்டு, வண்டியில் ஒட்டும் முறை பெருகிவிட்டது. 2010ஆம் ஆண்டில் ஜெஃப் கூன்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞரின் பந்தயக் கார்ச் சித்திரமே வினைலில் அச்சிட்டு ஒட்டப்பட்டதுதான். விரைவும் சிக்கனமும் அதன் நன்மைகள். வேண்டாதபோது உரித்தும் விடலாம். ஆயினும் ஸ்டிக்கரும் அழுக்குப் பரப்பில் ஒட்டாது. பற்றில்லாத பழைய வண்ணத்தின் மேல் ஒட்டினால், உரிக்கும்போது வண்ணத்தையும் சேர்த்தே கொண்டு வரும். ஆகவே கழுவும் வேலையிலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். வாகனத்தின் நிறம் அதன் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்கிறது. அடிப்படை நிறத்தையே மாற்ற விரும்புவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுக வேண்டும். எண் பலகையையும் விளக்குகளையும் எந்தச் சித்திரமும் மறைக்கலாகாது.

முடிவுரை

தோழியரே! நம் வீட்டு வண்டிக்குச் சித்திரம் தீட்டக் கொடுக்கும்போது, “இன்று மாலைக்குள் முடித்துக் கொடு, கூலியைக் குறைத்துக்கொள்” என்று பெரியவர்கள் பேரம் பேசுவதுண்டு. அந்தப் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது எது? மயிலின் தோகையை எவரும் வெட்டமாட்டார். அது கண்ணுக்குத் தெரியும். கழுவும் மணி நேரமும், தேய்க்கும் மணி நேரமும், பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையிலான காத்திருப்பும்தான் வெட்டுப்படும். முகக்கவசம் வாங்கும் காசும் அவற்றோடு போய்விடும். முதல் மழையில் உரிவது நம் சித்திரம். நாளாவட்டத்தில் அடைபடுவது அவருடைய மூச்சு.

ஆகையால், அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும் பெற்றோர், விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். “பழைய வண்ணத்தைப் பக்குவப்படுத்த எத்தனை நாள் வேண்டும்?” என்பது ஒன்று. “கிளியர் அடிக்கும்போது அணிய உங்களிடம் நல்ல முகக்கவசம் இருக்கிறதா?” என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உரிய கூலியை மனமுவந்து கொடுத்தால், வண்டியின் மயிலும் நெடுநாள் ஆடும். அதைத் தீட்டிய கையும் நெடுநாள் தீட்டும்.